திருட்டு வண்டியை அறியாமல் வாங்கியவர் செய்ய வேண்டியது என்ன?



சுங்கை பூலோ வட்டாரத்தில் மாலைக் கூட்டமொன்றை முடித்துக்கொண்டு நாம் புறப்பட்ட வேளையில், பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். எல்லாரும் கலைந்து செல்லும்வரை காத்திருந்து பேசினார். ஆறு மாதங்களுக்கு முன்னர் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடையொன்றில் 3,200 வெள்ளி கொடுத்து ஒரு வண்டி வாங்கியிருக்கிறார். கையிருப்புப் போதாமையால் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அப்பணத்தைச் சேர்த்தார். "பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டார். அந்த வாரம் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, பட்டறைக்காரர் வண்டிச் சட்டத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சேசிஸ் எண்ணை அரத்தால் தேய்த்து வேறு எண் அடித்திருக்கிறார்கள். இது திருட்டு வண்டி" என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவிலிருந்து அத்தோழருக்கு உறக்கமில்லை. லயத்தில் ஆளுக்கொரு யோசனை கூறினர். வாய் திறவாமல் ஓட்டச் சொன்னார் ஒருவர். வந்த விலைக்கு யாரிடமாவது தள்ளிவிடச் சொன்னார் இன்னொருவர். பிரித்து உதிரிப் பாகங்களாக விற்றுவிடச் சொன்னார் மற்றொருவர். போலீசுக்குப் போனால் தம்மையே திருடன் என்று பிடித்துக்கொள்வார்களோ என்பது அவருடைய அச்சம். "ஐயா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. முற்காலத்தில் வேலை, பள்ளி, கோயில், கடை யாவும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. இன்று அந்நிலை இல்லை. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்திலேயே இப்போது புதுநகரம் எழுந்துள்ளது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், மருத்துவமனைக்குச் செல்லவும், பகுதிநேர வேலை தேடவும் ஒரு மோட்டார் சைக்கிளாவது இன்றியமையாததாகிவிட்டது. புது வண்டி வாங்க இயலாதவர் பழைய வண்டியை நாடுகின்றனர். அங்கேதான் மோசக்காரரும் காத்திருக்கின்றனர். ஆகவே, இம்மாதம் இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம். படித்தவர்கள் இதனைப் படிக்காத முதியோருக்கும் வாசித்துக் காட்டுவார்களாக. இங்கே கூறப்படுவது தீபகற்ப மலேசியாவில் வழங்கும் சட்டமாகும்.

1. வண்டி யாருக்குச் சொந்தம்?

ஓர் எளிய உதாரணத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் ஆட்டை ஒருவன் இரவில் அவிழ்த்துச் சென்று பக்கத்துத் தோட்டத்தில் விற்றுவிடுகிறான். வாங்கியவர் நல்லவர், நியாயமான விலையும் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து உங்கள் ஆட்டை நீங்கள் அங்கே காண்கிறீர்கள். அது யாருடைய ஆடு? உங்களுடையதுதான். திருடன் கயிற்றைக் கைமாற்றிக் கொடுக்கலாம். தன்னிடம் இல்லாத உரிமையை அவனால் கொடுக்க முடியாது.

1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், தனது 27-ஆம் பிரிவில் இதையே கூறுகிறது. பொருளுக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர், சொந்தக்காரரின் அனுமதியின்றி அதை விற்றால், விற்றவருக்கு இருந்த உரிமையைவிட மேலான உரிமை வாங்கியவருக்குக் கிடைப்பதில்லை. திருடனுக்கு உரிமை இல்லை. திருடனிடம் வாங்கிய கடைக்காரருக்கும் உரிமை இல்லை. கடைக்காரரிடம் வாங்கிய தோழருக்கும் உரிமை இல்லை. வண்டி பத்துக் கை மாறினாலும் முதற் சொந்தக்காரரின் உரிமை அழிவதில்லை.

"நான் கடையில், பலர் அறியப் பகிரங்கமாக வாங்கினேனே" என்று சிலர் வாதிடுவர். இங்கிலாந்தில் பழங்காலந்தொட்டுச் சில பொதுச் சந்தைகளில் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்குப் பொருள் சொந்தமாகும் என்றொரு விதி இருந்தது. அதனையும் 1994-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நம் நாட்டுச் சட்டம் அவ்விதியை ஏற்கவில்லை.

"கெரான் என் பெயரில் இருக்கிறதே" என்பது இன்னொரு வாதம். கெரான் என்று நாம் வழங்கும் பதிவுச் சான்று, வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதைக் காட்டும் பத்திரமேயாகும். நிலப்பட்டாவைப் போல் அது உரிமையையே நிலைநாட்டிவிடுவதில்லை. திருட்டு வண்டிக்குப் போலி எண் அடித்து, விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் கெரானைப் பொருத்திவிடுவது மோசக்காரர்கள் கையாளும் பழைய வித்தைகளுள் ஒன்று. எனினும் கெரான் பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. நீங்கள் நேர்மையாக வாங்கினீர்கள் என்பதற்கு அது வலுவான சான்றாகும்.

ஒரு வேறுபாட்டையும் இங்கே அறிந்துகொள்ளல் நலம். சொந்தக்காரரே ஏமாந்து வண்டியை விற்றிருக்கக் கூடும். வாங்கியவன் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பியிருக்கலாம். அது திருட்டன்று, ஏமாற்றினால் ஏற்பட்ட விற்பனை. சொந்தக்காரர் அவ்விற்பனையை ரத்து செய்வதற்கு முன்பே, உண்மை அறியாத இன்னொருவர் நல்லெண்ணத்துடன் அவனிடம் வாங்கிவிட்டால், 29-ஆம் பிரிவின்படி அவருக்கு உரிமை கிடைக்கக் கூடும். ஆகவே முதற் சொந்தக்காரரின் கையைவிட்டு வண்டி எவ்விதம் போயிற்று என்பதைப் போலீஸ் விசாரணையிலிருந்து அறிந்துகொள்வது முக்கியமாகும்.

2. வாங்கியவர் குற்றவாளி ஆவாரா?

தோழரின் பெரிய அச்சம் இதுவே. குற்றவியல் சட்டத்தொகுப்பின் 411-ஆம் பிரிவு, திருட்டுப் பொருளை நேர்மையற்ற முறையில் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றம் என்கிறது. பொருள் மோட்டார் வாகனமாக இருப்பின், தண்டனை ஆறு மாதத்திற்குக் குறையாத, ஐந்தாண்டுக்கு மேற்படாத சிறையாகும், அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியைத் திருடியவனுக்கோ, 379A பிரிவின்படி ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆனால் 411-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உள்ளது. அது திருட்டுப் பொருள் என்று பெற்றவர் அறிந்திருக்க வேண்டும். அல்லது அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். உண்மையிலேயே அறியாமல், நியாய விலை கொடுத்து வாங்கியவர் இக்குற்றத்தைச் செய்தவர் அல்லர்.

"நம்புவதற்குக் காரணம்" என்னும் சொற்களைக் கவனியுங்கள். ஐயாயிரம் வெள்ளி பெறும் வண்டி எண்ணூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது, கெரான் இல்லை, எண்கள் தேய்ந்திருக்கின்றன, விற்பவர் தம் பெயரைச் சொல்ல மறுக்கிறார். இவ்வளவையும் கண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர், "எனக்குத் தெரியாது" என்று பிறகு கூறுவது எளிதில் நம்பப்படாது.

இன்னொன்றையும் அறிய வேண்டும். திருட்டு நடந்த சிறிது காலத்திற்குள் அப்பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க இயலாவிடில், அவரே திருடியவர் அல்லது தெரிந்தே பெற்றவர் என்று நீதிமன்றம் அனுமானிக்க 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. அந்த விளக்கம்தான் உங்கள் கேடயம். கடைக்காரர் கொடுத்த ரசீது, பணம் செலுத்திய வங்கிச் சீட்டு, கைப்பேசியில் வந்த செய்திகள், உடன் வந்த நண்பரின் சாட்சியம் ஆகியவை விளக்கத்திற்கு உயிர் கொடுக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பட்டறைக்காரர் உண்மையைச் சொன்ன நொடியிலிருந்து தோழரின் நிலைமை மாறிவிட்டது. நேற்றுவரை அவர் அறியாதவர், இன்று அறிந்தவர். இனி அவ்வண்டியை மறைத்து வைத்தாலும், எண்ணை மாற்றினாலும், பிரித்து விற்றாலும், இன்னொருவர் தலையில் கட்டினாலும், ஏமாற்றப்பட்ட நிலை நீங்கி ஏமாற்றுகிறவர் நிலைக்கு அவர் இறங்கிவிடுவார். உண்மையை மறைத்து விற்பது ஏமாற்றுக் குற்றம். 420-ஆம் பிரிவின்படி அதற்குப் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. லயத்தில் கூறப்பட்ட மூன்று யோசனைகளும் அவரைச் சிறைக்கு அழைத்துச் செல்லும் வழிகளேயாகும்.

3. முதலில் செய்ய வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது என்பர். உண்மை தெரிந்ததும் பின்வருமாறு செய்தல் வேண்டும்.

முதலாவது, வண்டியை ஓட்டுவதை நிறுத்துக. இருந்தபடியே பத்திரமாக வைத்திருக்கவும். சேசிஸ் எண், இயந்திர எண், பதிவு எண் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளவும்.

இரண்டாவது, பத்திரங்களை ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல்கள் எடுக்கவும். பழுதுபார்த்த செலவு, காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றின் சீட்டுகளையும் விட்டுவிட வேண்டாம். வாங்கிய நாள், இடம், பேசிய பேச்சு ஆகியவற்றை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதி வைக்கவும்.

மூன்றாவது, தாமதமின்றிப் போலீஸ் நிலையம் சென்று புகார் செய்யவும். புகாரின் நகலைப் பெற்றுக்கொள்ளவும். வண்டியை எடுத்துக்கொண்டால், எடுத்ததற்கான சீட்டைக் கேட்டு வாங்கவும். விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளவும்.

நான்காவது, "நான்தான் சொந்தக்காரன்" என்று எவரேனும் நேரில் வந்து கேட்டால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். போலீசிடம் மட்டுமே ஒப்படைக்கவும். விற்றவரிடமும் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. வண்டியும் போய், சான்றும் போய், பணமும் போய் நிற்க நேரிடும்.

வாக்குமூலம் அளிக்கும்போது உண்மையை மட்டும் கூறுக. நீங்கள் நன்கு பேசும் மொழியில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் திருத்தச் செய்து, அதன் பிறகே கையொப்பமிடுக. தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக் கூடிய கேள்விக்கு விடை கூறாதிருக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒருகால் கைது செய்யப்பட்டால், காரணத்தை அறியவும், உறவினருக்குத் தெரிவிக்கவும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் மேலும் தடுத்து வைக்க முடியாது. குற்ற விவகாரங்களில் வசதியற்றவர்களுக்கு உதவ 2011-இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் அமைக்கப்பட்டது. அதன் உதவியை நாடலாம்.

4. எடுத்துச் சென்ற வண்டி என்ன ஆகும்?

போலீசார் கைப்பற்றிய வண்டியைத் தாமாகவே ஒருவருக்குக் கொடுத்துவிடுவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 413-ஆம் பிரிவின்படி அவர்கள் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்புவர். யாரிடம் ஒப்படைப்பது என்பது குறித்து மாஜிஸ்திரேட் ஆணையிடுவார். உரியவர் யாரெனத் தெரியாவிடில், உரிமை கோருவோர் முன்வருமாறு அறிவிப்புச் செய்யலாம். திருடன் பிடிபட்டு வழக்கு நடக்குமானால், வண்டி சான்றுப் பொருளாக நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும்.

முதற் சொந்தக்காரருக்குக் காப்புறுதி நிறுவனம் ஏற்கெனவே இழப்பீடு கொடுத்திருந்தால், அந்நிறுவனமே வண்டியைக் கோரக் கூடும். உங்களுக்கும் சொல்வதற்கு ஏதேனும் இருப்பின், வண்டியை வாங்கியவர் நீங்கள் என்பதை விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, விசாரணை நாளைக் கேட்டறிந்து, மாஜிஸ்திரேட் முன் கூறலாம். ஆனால் வண்டி உண்மையிலேயே திருடப்பட்டது என்று மெய்ப்பிக்கப்பட்டால், அது உங்களுக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இது கொடுமையல்லவா என்று தோன்றும். சற்றே மறுபுறமும் நோக்குக. வண்டியைப் பறிகொடுத்தவரும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியாக இருக்கலாம். விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்குப் புறப்பட வெளியே வந்து, வண்டி நின்ற இடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் அவர். அவரும் தவணை கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். குற்றம் செய்யாத இருவருக்கிடையே ஒரு வண்டி நிற்கும்போது, சட்டம் அதனைப் பறிகொடுத்தவரிடமே சேர்ப்பிக்கிறது. வாங்கியவரை அது கைவிட்டுவிடவில்லை. அவர் இழந்ததை விற்றவரிடம் கேட்கச் சொல்கிறது.

5. கொடுத்த பணத்தை எவ்வாறு திரும்பப் பெறுவது?

விற்பனை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், எழுதினாலும் எழுதாவிட்டாலும், "இதனை விற்க எனக்கு உரிமை உண்டு" என்னும் நிபந்தனை அடங்கியுள்ளதாகப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. வாங்கியவர் தொல்லையின்றி அதனை அனுபவிப்பார் என்னும் உத்தரவாதமும் அதில் உண்டு. விற்றவர், "அது திருட்டு வண்டி என்று எனக்கே தெரியாது" என்று சொல்லலாம். அது உண்மையாகவே இருந்தாலும் அவருடைய பொறுப்பு நீங்காது. சிறைத்தண்டனைக்குத்தான் மனத்தின் அறிவு வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதற்கு அது வேண்டியதில்லை.

இதனை விளக்கும் வழக்கொன்று உலகப் புகழ் பெற்றது. 1922-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரோலண்ட் என்னும் வண்டி வணிகர், டிவால் என்பவரிடம் 334 பவுனுக்கு ஒரு கார் வாங்கினார். அதனை ஒரு கர்னலுக்கு 400 பவுனுக்கு விற்றார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு, அது திருட்டுக் கார் என்று கூறிப் போலீசார் அதனைக் கைப்பற்றினர். விற்றவர் எவருக்கும் அது முன்னமே தெரியாது. ரோலண்ட் கர்னலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாம் கொடுத்த 334 பவுனை டிவாலிடம் கேட்டார். "பல மாதங்கள் காரைப் பயன்படுத்திவிட்டீர்களே" என்பது எதிர்வாதம். முதலில் விசாரித்த நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆனால் 1923-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வாங்குபவர் பணம் கொடுப்பது வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காக அன்று, அதன் உரிமையைப் பெறுவதற்காக. உரிமை சிறிதும் கிடைக்காதபோது, முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பாயிற்று.

1949-இல் தீர்ந்த வேறொரு வழக்கு, பழைய தட்டச்சுப் பொறியைப் பற்றியது. 20 பவுனுக்கு வாங்கிய பெண்மணி, அதனைச் செப்பனிட 11 பவுன் 10 ஷில்லிங் செலவு செய்திருந்தார். அது திருட்டுப் பொருள் என்று தெரிந்து உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வாங்கிய விலையோடு செப்பனிட்ட செலவையும் விற்றவரிடமிருந்து பெற அவருக்கு உரிமை உண்டென்று தீர்ப்பளிக்கப்பட்டது. பட்டறைச் சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம் என்று மேலே கூறியது இதனாற்றான். நம் சட்டத்தின் மூலவேர் ஆங்கிலச் சட்டமேயாதலால், இத்தகைய தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

யாரிடம் கேட்பது? உங்களுக்கு விற்றவரிடம் கேட்க வேண்டும். அவர் தமக்கு விற்றவரிடம் கேட்டுக்கொள்வார். இவ்வாறு சங்கிலி பின்னோக்கிச் சென்று, இறுதியில் திருடனிடம் முடியும். தவணைக் கொள்முதலில் எடுத்திருந்தால், 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் துணை நிற்கும். உரிமை கைமாற வேண்டிய வேளையில் விற்கும் உரிமை தமக்கு இருக்கும் என்னும் நிபந்தனை, கடன் கொடுத்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். தவணை கட்டுவதைச் சொல்லாமல் நிறுத்திவிடாமல், போலீஸ் புகாரின் நகலுடன் அந்நிறுவனத்திற்கு உடனே எழுதுக.

குற்ற வழக்கிலும் ஒரு வாய்ப்பு உண்டு. திருடன் தண்டிக்கப்பட்டு, கைதின்போது அவனிடம் பணம் கைப்பற்றப்பட்டிருந்தால், அதிலிருந்து அறியாமல் வாங்கியவருக்குக் கொடுக்க நீதிமன்றம் ஆணையிடலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கக் கோரி விண்ணப்பிக்குமாறு அரசாங்க வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளவும் வழி உண்டு.

6. எந்த வாசலைத் தட்டுவது?

முதலில் விற்றவருக்குக் கடிதம் எழுதுக. வாங்கிய நாள், விலை, வண்டி எண், போலீஸ் புகார் எண், கோரும் தொகை, பதில் தர வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் சீட்டையும் வைத்துக்கொள்க. பதில் இல்லையெனில் மேற்செல்லலாம்.

விற்றவர் கடைக்காரராக, அதாவது வாணிபமாக விற்பவராக இருந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடுக. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த இம்மன்றம், உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இது விசாரிக்கிறது. கட்டணம் 5 வெள்ளியே. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மன்றத்தின் தீர்ப்புக்குப் பதினான்கு நாள்களுக்குள் இணங்காதது குற்றமாகும்.

விற்றவர் தனி நபரானால், அதாவது சக தொழிலாளி, உறவினர், அறிமுகமானவர் போன்றோரானால், அம்மன்றம் பயன்படாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டும். சிறு தொகைகளுக்கு, வழக்கறிஞரின்றித் தாமே வாதாடும் எளிய நடைமுறை அங்கே உண்டு. படிவத்தை நீதிமன்ற அலுவலகத்திலேயே கேட்டுப் பெறலாம். 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். ஒப்பந்த வழக்குகளுக்குக் காலவரம்பு ஆறு ஆண்டுகள். ஆயினும் ஆறு ஆண்டுகள் காத்திருப்பவர் கையில், விற்றவர் அகப்படுவது அரிது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், சட்ட உதவி இலாகாவை அணுகி, தமக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும், தொழிற்சங்கக் கிளைத் தலைவர்களும் வழிகாட்டுவர்.

ஓர் உண்மையை மறைக்காமல் கூறுவது நம் கடமை. சட்டம் உரிமையைத் தரும். ஓடி மறைந்தவனைத் தேடிப் பிடித்துப் பணத்தைக் கையில் கொடுத்துவிடாது. பெயர் தெரியாத ஒருவனிடம் சாலையோரத்தில் வாங்கியவர், நியாயம் தம் பக்கம் இருந்தும் வெறுங்கையுடன் திரும்ப நேரிடலாம். ஆகவே அடுத்த பகுதியை இருமுறை வாசிக்கவும்.

7. வாங்குமுன் காக்கும் வழிகள்

விற்பவரின் அடையாள அட்டையையும் கெரானையும் அருகருகே வைத்துப் பார்க்கவும். பெயர் வேறாயிருந்தால், "அண்ணனுடைய வண்டி", "முதலாளியின் வண்டி" என்னும் பேச்சை ஏற்காமல், உரியவரையே நேரில் வரச் சொல்லவும்.

கெரானிலுள்ள சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடவும். அரம் பட்ட தழும்பு, புதிய வர்ணம், கோணலான எழுத்து இருந்தால் விலகிவிடவும். நம்பகமான பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விற்பவரும் நீங்களும் சேர்ந்து சாலைப் போக்குவரத்து இலாகாவிற்குச் சென்று, பெயர் மாறிய பின்னரே முழுப் பணத்தையும் கொடுக்கவும். பல மோசடிகள் இம்முயற்சியின்போதே வெளிப்படுகின்றன. தவணை முடியாத வண்டியைக் கைமாற்றிக்கொண்டு மீதியைக் கட்டும் "சம்போங் பாயார்" ஏற்பாட்டில் இறங்கவே வேண்டாம். அவ்வண்டி கடன் கொடுத்த நிறுவனத்தின் உடைமை. தவணை தவறினால் அவர்கள் சட்ட நடைமுறைப்படி அதனை எடுத்துச் செல்லலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. உறவினரே ஆனாலும் ரசீது வாங்குக. கீழ்க்கண்டவாறு எழுதினால் போதும்:

"(பெயர்), அடையாள அட்டை எண் ( ), முகவரி ( ) ஆகிய நான், ( ) பதிவு எண்ணும், ( ) சேசிஸ் எண்ணும், ( ) இயந்திர எண்ணும் கொண்ட மோட்டார் சைக்கிளை, (பெயர்) என்பவருக்கு ( ) வெள்ளிக்கு விற்றுப் பணம் பெற்றுக்கொண்டேன். இவ்வண்டி எனக்கே சொந்தம் என்றும், இதன்மேல் கடன் எதுவும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன். நாள், கையொப்பம், சாட்சி."

8. அந்தத் தோழரின் செய்தி

நம்மிடம் கேட்ட தோழர் மறுநாள் மரம் வெட்டு முடிந்ததும், கிராணியாரையும் உடன் அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்திற்குச் சென்றார். அவரிடம் கடையின் ரசீது இருந்தது. பட்டறைக்காரரும் வாக்குமூலம் அளித்தார். தோழரைச் சாட்சியாகவே ஏற்றுக்கொண்டனர். வண்டி போய்விட்டது. பல மாதங்கள் அவர் நடந்தும், நண்பரின் பின்னால் அமர்ந்தும் வேலைக்குப் போனார். நடுவர் மன்றத்தில் விசாரணை நாளன்று கடைக்காரர் இணக்கத்துக்கு வந்து, 3,200 வெள்ளியையும் மூன்று தவணைகளில் தர ஒப்புக்கொண்டார். இரண்டாம் தவணை கிடைத்த வாரத்தில் அடகுச் சங்கிலி வீடு திரும்பியது.

"வண்டியை இழந்தேன் ஐயா, ஆனால் போலீஸ் ஜீப்பைக் கண்டால் ஒளிய வேண்டியதில்லை" என்று அண்மையில் நம்மைக் கண்டபோது அவர் கூறினார். அறியாமல் நேர்ந்த இழப்பைச் சட்டத்தின் துணைகொண்டு ஈடு செய்யலாம். அறிந்தே செய்த தவறுக்கு அவ்வித ஈடு கிடையாது. இதனை நம் இளைஞர்களுக்கும் எடுத்துரைப்போமாக.

சிந்தித்து விடை கூறுக

1. திருட்டு வண்டி மூவர் கை மாறிவிட்டால், முதற் சொந்தக்காரரின் உரிமை அழியுமா?
2. அறியாமல் வாங்கியவர், உண்மை தெரிந்த பிறகு அதனை விற்றால் அவர் நிலைமை என்ன?
3. "எனக்கும் தெரியாது" என்று கூறும் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? ஏன்?
4. சக தொழிலாளியிடம் வாங்கிய வண்டிக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை செய்யலாமா?
5. உங்கள் வண்டியின் கெரானை இன்று மாலையே எடுத்து, சேசிஸ் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருக்கின்றனவா?